நிலத்துக்கு லீவு

பலகையை மாட்ட நான்கு ஆணி போதும். தங்கை பதினொன்று அடித்தாள். ஒவ்வோர் ஆணியையும் அண்ணன் தலையில் இறக்குவதாக நினைத்துக்கொண்டு அடித்தால் நான்கோடு கை நிற்குமா? பன்னிரண்டாவதற்குக் குனிந்தபோது பெட்டி காலியாக இருந்தது. அதனால்தான் விட்டாள்.

பலகையில் அவளே சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்தாள்: "இது ஏழாம் ஆண்டு. இந்த நிலம் ஓய்வில் இருக்கிறது. உள்ளே எந்த வேலையும் கிடையாது."

சாலைக்கு எதிர்ப்பக்கம் அண்ணனுடைய தக்காளி சாஸ் ஆலை. அதன் மதிற்சுவரிலும் ஒரு வாசகம் உண்டு. ஆள் உயர நீல எழுத்தில் "ஆறு நாள் உழை" என்று இருக்கும். அதற்கு அடுத்ததாக, ஏழாம் நாள் ஓய்ந்திரு என்று எழுதத்தான் பெயின்டர் ஏணியை நகர்த்தினார். அந்த இடத்தில் லாரி வாசல் வந்துவிட்டது. "பரவால்ல விடுங்க, முக்கியமானது வந்துடுச்சு" என்றான் அண்ணன். சபையில் மூப்பர், ஞாயிறு தவறாமல் முன்னால் நின்று வேதபாடம் வாசிக்கிற மனிதன், பன்னிரண்டு வருடமாக அந்தப் பாதி வாசகத்தை வைத்துக்கொண்டு ஆலை நடத்திக்கொண்டிருந்தான்.

சுத்தியல் சத்தம் கேட்டு அவனே சாலையைக் கடந்து வந்தான்.

"என்ன இது?"

"படிக்கத் தெரியும்ல?"

"விளையாடாத. நாத்து வளர்ந்து நிக்குது. இன்னும் பத்து நாள்ல நடலைன்னா வீணாப் போயிடும்."

"நடு. உன் தலையில நட்டுக்கோ. அங்கதான் காலியா இருக்கு."

அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. தங்கை சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கும் மேலாக இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று நிதானமாக அந்த முகத்தை ரசித்தாள்.

அப்பா போகும்போது நிலத்தை மகளுக்கும் ஆலையை மகனுக்கும் எழுதிவைத்தார். ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது, அதனால் பிள்ளைகள் இரண்டும் பிரியாது என்பது அவர் எண்ணம். நல்ல மனிதர்கள் எண்ணுகிற எண்ணமெல்லாம் இப்படித்தான் போய் முடிகிறது. ஏழு ஏக்கர். காலையில் பறித்த பழம் பத்து நிமிடத்தில் சாலையைக் கடந்து அரைவை இயந்திரத்துக்குள் போய்விடும். வேறெங்கிருந்து கொண்டுவந்தாலும் லாரியிலேயே பாதி நசுங்கிப் புளித்துவிடும். ஆறு வருட ஒப்பந்தம் போட்டு அண்ணன் அதில் பயிர் வைத்தான். தங்கை தன் தையல் இயந்திரத்தோடு இருந்தாள். அவள் கணவன் அண்ணனிடமே டிராக்டர் ஓட்டினான்.

அறுவடை தொடங்கிவிட்டால் ஆலைக்கு நாற்பது நாள் தூக்கம் கிடையாது. "பழம் காத்திருக்காது" என்பது அண்ணனின் தாரக மந்திரம். பழம் காத்திருக்காது, அதனால் ஆட்கள் காத்திருக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும். ஐந்தாவது அறுவடையில் அவள் கணவன் தொடர்ந்து பத்தொன்பது நாள் வண்டி ஓட்டினான். பத்தொன்பதாவது நாள் ஞாயிறு. காலை ஒன்பதரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், ஆலைக்கு முன்னால் இருக்கிற வளைவில் டிராக்டர் திரும்பாமல் நேராகப் போய் வாய்க்காலில் கவிழ்ந்தது. பிரேக் போட்ட தடம்கூட சாலையில் இல்லை. தூங்கிவிட்டிருந்தான்.

அதைக்கூட அவள் விதி என்று ஏற்றுக்கொண்டிருப்பாளோ என்னவோ. அடக்கத்தன்று அண்ணன் சபையின் முன்னால் நின்று பேசினானே, அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. "போய்த் தூங்கு மாப்ளேன்னு நான் கெஞ்சினேன். கேக்கல. அவ்வளவு உழைப்பாளி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சபையே தேம்பியது. அவன் வைத்த மலர்வளையத்தில் ஊதா ரிப்பனில் "இளைப்பாறுதலுக்குள் சென்றார்" என்று பொன்னெழுத்து. அரை நாள் தூக்கம் கேட்ட மனிதனுக்கு ரிப்பனில் இளைப்பாறுதல்!

கணவன் தூக்கம் கேட்டதுதான் நிஜம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆலையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற பெண் ஒருத்தி, எல்லாரும் லேபிள்காரி என்றே கூப்பிடுவார்கள், அடக்கம் முடிந்த எட்டாம் நாள் வந்து சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். அன்று காலை அவள் முதலாளி அறைக்குப் பக்கத்தில்தான் லேபிள் கட்டு பிரித்துக்கொண்டிருந்தாள். "மச்சான், கண்ணு சொக்குது, இன்னைக்கு மட்டும் வீட்டுக்குப் போறேன்" என்று அவன் கேட்டதையும், "இது முடியட்டும் மாப்ளே, அப்புறம் தூங்கிக்கலாம்" என்று பதில் வந்ததையும் அவள் தன் காதால் கேட்டாள்.

தங்கை நேரே போய் அண்ணனிடம் கேட்டாள். "யார் சொன்னது? நான் போகாதேன்னுதான் சொன்னேன்" என்றான். மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான்தான் அனுப்பினேன் என்று அவன் வாயால் வர வேண்டும். அதுவரை அந்த ஆலையின் கொதிகலன் குளிர்ந்து கிடக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இன்னும் ஓர் அறுவடை பாக்கி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பலகை மாட்டிய வாரமே அண்ணன் விஷயத்தைப் போதகரிடம் கொண்டுபோனான். ஆராதனை முடிந்து சபை அலுவலக அறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். போதகர் புதியவர், இளைஞர். படித்துப் பட்டம் வாங்கி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவர் பிரசங்கத்தில் யாரும் சந்தேகம் கேட்டதும் கிடையாது, விழித்திருந்ததும் கிடையாது.

"நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு கொடுக்கணும்னு வேதத்துல இருக்கா இல்லையா, பாஸ்டர்?" என்றாள் தங்கை.

போதகர் முகம் பல்பு போட்டது போலாயிற்று. "இருக்கு சிஸ்டர்! நான் இதைப் பத்தித்தான் நாப்பது பக்கம் எழுதினேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல."

"அதெல்லாம் பழைய காலத்துச் சட்டம். நமக்கு எதுக்கு?" என்றான் அண்ணன்.

"சட்டமா நம்ம கழுத்துல இல்ல, மூப்பர். ஆனா அர்த்தம் நமக்குத்தான். பாருங்க, மனுஷனைப் படைச்சது ஆறாம் நாள். அப்படின்னா அவன் கண்ணு முழிச்சுப் பார்த்த முதல் முழு நாளே லீவு நாள்! ஒரு வேலையும் செய்யறதுக்கு முன்னாடியே ஓய்வு. உழைச்சதுக்குக் கூலியா இல்ல, சும்மா கொடுத்தது. அந்த நாள்ல முதலாளி, அடிமை, மாடு எல்லாம் ஒண்ணு. இயேசு சொன்னதும் அதானே? மனுஷனுக்காகத்தான் அந்த நாள். நிலமும் அப்படித்தான். அது நம்ம சொத்து இல்ல. அதுவும் மூச்சு விடணும்."

"கொடுக்கலைன்னா?" என்றாள் தங்கை.

"கொடுக்கலைன்னா நிலமே எடுத்துக்கும். சனங்களை நாட்டை விட்டே துரத்திட்டு, அத்தனை வருஷத்து ஓய்வையும் மொத்தமா எடுத்துக்கும்."

போதகர் சொன்னதில் நல்லது நிறைய இருந்தது. அதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். துரத்திட்டு என்ற சொல்லை மட்டும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். பத்துப் பேர் பார்க்கத் தினமும் வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் அண்ணன் அதற்கு எதிராக என்னவென்று பேசுவான்? மறு ஞாயிறு போதகர் அவளைப் பெயர் சொல்லாமல் புகழ்ந்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். சபைப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்கலங்கினார்கள். ஊரில் அவளுக்கு ஓய்வுக்காரி என்று பெயரும் விழுந்தது. அவள் பூனை மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டு உள்ளுக்குள் சிரித்தாள்.

அதன்பின் வந்த மாதங்கள் அவளுக்கு இனித்தன. உள்ளதைச் சொல்ல வேண்டும், கணவன் போனபிறகு அவள் வயிறார உண்டது அப்போதுதான். தையல் இயந்திரத்தை வீட்டிலிருந்து நிலத்தின் மோட்டார் ரூமுக்கே தூக்கிவந்து, ஆலை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். தைத்தது கொஞ்சம், பார்த்தது அதிகம். தூரத்திலிருந்து வந்த லாரிகள் சொட்டச் சொட்ட நின்றன. அண்ணன் நசுங்கிய பழத்தைக் கையில் எடுத்து ஓட்டுநரிடம் கத்தினான். புகைபோக்கியில் தினமும் வந்த புகை வாரத்தில் மூன்று நாள் ஆயிற்று, பிறகு ஒரு நாள். ஒரு திங்கட்கிழமை வரவேயில்லை. ஆலை ஆட்கள் இருபத்தாறு பேர் வாசலில் நின்று பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் லேபிள்காரியும் இருந்தாள். அவள் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். தங்கை நூல் கோப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு மழை பெய்தது. பெய்த பத்தாம் நாள், ஒருவரும் விதைக்காத நிலத்தில், வரப்பு தெரியாமல் தக்காளி முளைத்தது.

ஆறு வருடமாகக் கீழே விழுந்து அழுகிய பழமெல்லாம் மண்ணுக்குள் காத்திருந்திருக்கிறது. பழம் காத்திருக்காது என்று எவன் சொன்னான்? பூ வைத்தது, பிஞ்சு வைத்தது. அண்ணன் தினமும் சாலையில் நின்று பார்த்தான். ஒரு நாள் போதகரையும் அழைத்துக்கொண்டு வந்து வேலியோரம் நிறுத்தினான்.

"பாஸ்டர், ஓய்வு வருஷத்துல தானா விளையறது யாருக்கு? அதையும் சொல்லிடுங்க."

போதகர் பாவம், அவருக்குச் சூது வாது தெரியாது. யாராவது கேட்டால் போதும் அவருக்கு. "ஏழைங்களுக்கு, கூலிக்காரங்களுக்கு, பிழைக்க வந்தவங்களுக்கு. மிச்சம் ஆடு மாட்டுக்கு, காட்டு மிருகத்துக்கு. சொந்தக்காரங்களும் சாப்பிடலாம். ஆனா இது என்னுதுன்னு வேலி போட்டுத் தடுக்க முடியாது. அதுதான் இதுல அழகே, சிஸ்டர்!"

"என்கிட்ட இருபத்தாறு கூலிக்காரங்க சும்மா இருக்காங்க" என்றான் அண்ணன். "வந்து பறிச்சுக்கட்டும். பறிச்சதை யார்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கறாங்கங்கறது அவங்க இஷ்டம்." சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்துச் சிரித்தான். அது அப்பாவின் சிரிப்பு. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் பலகையிலும் பாதிதான் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? மீதிப் பாதியை எழுதியிருக்க வேண்டும். "பழுக்கட்டும், பார்க்கலாம்" என்றாள். பழுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் குனிந்து முதல் செடியைப் பிடுங்கினாள்.

ஏழு ஏக்கர் ஒரு பொம்பளையால் ஆகிற காரியமா? இரண்டாம் நாளே லேபிள்காரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். வேலையில்லாமல் இருந்தவள் ஓடி வந்தாள். வந்து பலகையைப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள வேலை கிடையாதுன்னு போட்டிருக்கே?"

"களை பறிக்கறது ஒரு வேலையா?"

"இது தக்காளில்ல?"

"நான் விதைக்கல. அப்ப களைதான்."

ஆளுக்கொரு கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மழையில் வேர் ஆழமாக இறங்கியிருந்தது. வராத செடியை அடியில் அறுத்தார்கள். தக்காளிச் செடியின் சாறு கையில் பச்சையாக ஒட்டிப் பிறகு கறுத்தது, சோப்புப் போட்டாலும் போகவில்லை. அறுத்த இடத்தில் நான்கு நாளில் மறுபடியும் குருத்து விட்டது. தங்கை இதுவரை செய்யாத உழைப்பெல்லாம் அந்த ஓய்வு வருடத்தில்தான் செய்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. துணி கொடுத்தவர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். முதல் ஞாயிறு சபைக்குப் போகவில்லை. இரண்டாம் ஞாயிறும் போகவில்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரிக்க வந்த போதகரை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

மூன்றாம் ஞாயிறு. மூன்றில் ஒரு பங்கு செடி பாக்கி இருந்தது. அதில் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. நாளையோ மறுநாளோ அண்ணனின் ஆட்கள் கூடையோடு வந்துவிடுவார்கள். தங்கை வெறி பிடித்தவள் போல அறுத்துக்கொண்டே போனாள். ஒன்பது மணி வெயில் முதுகில் ஏறியது. தூரத்தில் கோவில் மணி அடித்தது.

பின்னால் லேபிள்காரியின் குரல் கேட்டது. "அக்கா, கண்ணு சொக்குது. இன்னைக்கு மட்டும் வீட்டுக்குப் போறேனே."

"இது முடியட்டும், அப்புறம் தூங்கிக்கலாம்."

குனிந்தபடியே சொல்லிவிட்டு அடுத்த செடியைப் பிடித்தாள். பின்னால் அரிவாள் சத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு செடி அறுத்தாள். அப்போதும் வரவில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

"சொல்லித் தொலை."

"அன்னைக்கு மொதலாளி சொன்னதும் இதேதான். ஒரு வார்த்தை மாறல." லேபிள்காரியின் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "அவரும் திரும்பிப் பாக்கல. நீங்களும் திரும்பிப் பாக்கல."

தங்கை திரும்பிப் பார்த்தாள். லேபிள்காரி நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. இடது கால் செருப்பின் வார் அறுந்து தொங்கியது. செடிக்கு வைத்த அரிவாள் செருப்பில் இறங்கியிருக்கிறது. பெருவிரலுக்கும் வெட்டுக்கும் நடுவே ஒரு விரல்கடைகூட இல்லை.

"எப்ப பட்டது இது?"

"தெரியலக்கா. இப்பதான் பாக்கறேன்."

அரிவாளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மோட்டார் ரூமில் இருந்த தன் செருப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். "போ. போய்த் தூங்கு. நாளைக்கும் வர வேணாம். இனிமே இங்க பிடுங்கறதுக்கு ஒண்ணுமில்ல." லேபிள்காரி வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மோட்டார் ரூம் நிழலில், வெறும் மண்ணில், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அந்த வருடம் முழுக்க அவள் அந்த மண்ணில் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சும்மா உட்கார்ந்ததும் என்னென்னவோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கணவன் வந்தான். ஆலை வாசலிலிருந்து திரும்பிப்போன இருபத்தாறு பேர் வந்தார்கள். அறுந்த செருப்பு வார் வந்தது. எழுந்து ஒரு செடியையாவது பிடுங்கினால் தேவலாம் என்று கை துடித்தது. எழாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் இத்தனை அழ முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு அண்ணன் வந்தான். கையில் வேதப் புத்தகம், கக்கத்தில் இரண்டு காலிப் பெட்டி. எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பார்க்க வந்தவன், மலை மலையாக வாடிக் கிடந்த செடியைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அடிப்பாவி! எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

"மூணுல ஒரு பங்கு இருக்கு. வேணுமா?"

"வேணுமாவா? ஆலையைத் திறக்க அதை நம்பித்தான் இருக்கேன்."

"அப்ப இங்க உட்காரு. பொழுது சாயற வரைக்கும். கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. நாளைக்கு உன் ஆளுங்க வந்து பறிச்சுக்கட்டும்."

"அவ்வளவுதானா?" அண்ணன் சிரித்தேவிட்டான். இவளுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பான்.

அவ்வளவுதானாவாம். சின்ன வயதிலிருந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறவன் அவன். அதிலும் அந்த டிராக்டர் கவிழ்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு நிமிடம் உட்காருவதில்லை, கதவுக் கொண்டியைக்கூடக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அண்ணி எத்தனையோ முறை புலம்பியிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் தனக்கு வந்தது அவனுக்கும் வரட்டும் என்று தங்கை நினைத்தாள். கும்பிட்டுக் கூப்பிட்டாவது வரவழைக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் யோசித்த பழியிலெல்லாம் இதுதான் பெரியது. செலவில்லாமல் மண்ணில் கிடைத்தது.

பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரப் போனான். "மண்ணுல" என்றாள். வெள்ளைப் பேன்ட்டோடு உட்கார்ந்தான். போனை எடுத்தான். வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேதப் புத்தகத்தைப் பிரித்தான். "அதைத்தான் இத்தனை வருஷமா வாசிச்சியே" என்று அதையும் வாங்கினாள். கை சும்மா இருக்காமல் பக்கத்திலிருந்த புல்லைக் கிள்ளத் தொடங்கியது. புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். "அதுவும் வேலைதான்." ஐம்பது வயது ஆலை முதலாளி திருடி மாட்டிய பிள்ளை மாதிரி கையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மோட்டார் ரூமிலிருந்து பார்த்தால் அந்த வளைவு தெரியும். வாய்க்கால் ஓரம் புதிதாகக் கட்டிச் சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவர் வெயிலில் பளீரென்று இருக்கும். அண்ணன் அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தான்.

"இப்படித் திரும்பி உட்காரு."

"வெயில் கண்ணுல அடிக்குது."

"அடிக்கட்டும்."

திரும்பினான். முதல் அரை மணி நேரம் ஆலையைப் பற்றிப் பேசினான். பிறகு தலைவலி என்றான், தண்ணீர் கொடுத்தாள். அவசரமாக ஓர் ஆளைப் பார்க்க வேண்டும் என்றான். எழுந்தால் மிச்சச் செடியும் மிச்சமிருக்காது என்றாள். வெட்டிப்போட்ட செடிகளின் வாடை வெயிலில் எழுந்தது. எங்கிருந்தோ மூன்று ஆடுகள் வேலி இடுக்கில் நுழைந்து வந்து பழத்தைக் கடித்தன. அவள் துரத்தவில்லை. அண்ணன் துரத்த எழப்போய்ப் பாதியில் உட்கார்ந்தான்.

மூன்று மணி இருக்கும். அவன் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கவனிக்காதது போலிருந்தாள்.

"அவன் கதவைப் பிடிச்சிட்டு நின்னான்" என்றான் அண்ணன்.

அவள் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"உள்ளகூட வரல. நான் கண்ணாடி முன்னாடி நின்னு சட்டைப் பொத்தான் போட்டுட்டு இருந்தேன். கோவிலுக்கு நேரமாயிடுச்சு, பாடம் வாசிக்கணும். மச்சான், இன்னைக்கு மட்டும்னான். கண்ணாடியிலதான் அவனைப் பார்த்தேன். கண்ணு ரத்தமா இருந்துச்சு. தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொன்னேன்." வாய்க்கால் சுவரைப் பார்த்தான். "அன்னைக்கு என்ன பாடம் வாசிச்சேன்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. நான்தான் அனுப்பினேன். நான்தான் அவனை அனுப்பினேன்."

இதற்காகத்தான் அவள் எத்தனையோ பகல்களைத் தின்றிருக்கிறாள். இது வந்ததும் கொட்டுவதற்கென்று வசைகளைத் தரம் பிரித்து அடுக்கி வைத்திருந்தாள். தேடிப் பார்த்தால் ஒன்றையும் காணோம். அழுதுகொண்டிருந்த அண்ணனைத் தொடவும் அவளுக்கு மனம் வரவில்லை, எழுந்து போகவும் வரவில்லை.

"அடுத்த ஞாயிறு இதை சபையில சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு எந்த இடத்துல நின்னு பொய் சொன்னியோ அதே இடத்துல."

"சொல்றேன்."

"சொல்லலைன்னா நான் எழுந்து சொல்வேன்."

"சொல்றேம்மா." சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுவதற்காக மண்ணில் கையை ஊன்றினான்.

"எங்க போற?"

"அதான் சொல்லிட்டேனே."

அவள் தன் கையைப் பார்த்தாள். செடிச் சாறு காய்ந்து விரலெல்லாம் கறுப்பாக இருந்தது.

"உட்காரு. இன்னும் பொழுது சாயல. இன்னைக்குக் காலைல நான் ஒருத்திகிட்ட ஒண்ணு சொன்னேன். அதை நீ கேக்கணும்."

அண்ணன் ஊன்றிய கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். ஆடுகள் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் சொல்லத் தொடங்கினாள்.